திறக்கும் கோப்பும் சேராத டிராயிங்கும்

வாடிக்கையாளரிடமிருந்து பட்டறைக்கு ஒரு டிராயிங் வருகிறது. "ஃபைல் ஓப்பன் ஆகுதா?" என்று போனில் கேட்கிறார்கள். "ஆகுது சார்" என்று பதில் போகிறது. இரண்டு தரப்புக்கும் நிம்மதி. பொறியியல் வரைபடப் பரிமாற்றத்தில் நேரும் சேதங்களில் பெரும்பாலானவை இந்த உரையாடலுக்குப் பிறகுதான் தொடங்குகின்றன. திறக்க மறுக்கும் கோப்பு யாரையும் ஏமாற்றுவதில்லை. திரும்ப அனுப்பச் சொல்லிவிடலாம். ஒழுங்காகத் திறந்து, பார்வைக்கும் சரியாக இருந்து, உள்ளே ஏதோ ஒன்று மட்டும் மாறிப்போன கோப்புதான் இரும்பையும் உழைப்பையும் தின்றுவிடுகிறது.

கணினியில் வரைவது வணிகமாகப் பரவி நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொன்றில் திறப்பது எப்படி என்ற கேள்விக்கும் ஏறத்தாழ அதே வயது. தரநிலைகள், கூட்டமைப்புகள், வழக்குகள், மாற்றித் தரும் மென்பொருள்கள் என்று எத்தனையோ வந்த பின்னும் கேள்வி ஏன் தீரவில்லை? தீர்ந்த பகுதியும் தீராத பகுதியும் ஒரே பெயரில் புழங்குவதுதான் காரணம் என்று நினைக்கிறேன். கோட்டையும் பரப்பையும் கடத்துவதில் நிறைய முன்னேறிவிட்டோம். வரைந்தவர் எதை நினைத்து அந்தக் கோட்டை அங்கே வைத்தார் என்பதைக் கடத்துவதில் இன்னும் ஆரம்ப வகுப்பிலேயே இருக்கிறோம்.

பலருக்கும் பழக்கமான டிடபிள்யூஜி கோப்பிலிருந்து தொடங்கலாம். ஆட்டோகேட் 1982 டிசம்பரில் சந்தைக்கு வந்தது. அதன் சொந்தக் கோப்பு வடிவம் டிடபிள்யூஜி. வெளியாருக்குத் தரவைக் கொடுக்க அதனுடன் வந்தது டிஎக்ஸ்எஃப். முன்னதன் உள்ளமைப்பை ஆட்டோடெஸ்க் வெளியிடவில்லை, பின்னதை வெளியிட்டது. உங்களிடம் உள்ள ஏதாவது ஒரு டிடபிள்யூஜி கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். குப்பையாகத் தெரியும் எழுத்துகளின் முதல் ஆறு மட்டும் தெளிவாக இருக்கும்: ஏசி1015 என்றிருந்தால் 2000 பதிப்பின் வடிவம், ஏசி1018 என்றால் 2004, ஏசி1021 என்றால் 2007, ஏசி1024 என்றால் 2010, ஏசி1027 என்றால் 2013, ஏசி1032 என்றால் 2018. புதிய வடிவத்தைப் பழைய மென்பொருள் திறக்காது. "2010-ல சேவ் பண்ணி அனுப்புங்க" என்று அலுவலகங்களில் கேட்கும் குரலுக்குப் பின்னால் இருப்பது இந்த ஆறு எழுத்துகள்தான். 2018-க்குப் பிறகு வடிவம் மாறாததால் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்திருக்கிறது.

டிடபிள்யூஜி யாருக்குச் சொந்தம் என்ற சண்டை தனிக்கதை. போட்டி நிறுவனங்கள் 1998-இல் ஒரு கூட்டமைப்பாகச் சேர்ந்து, கோப்பைப் பிரித்து ஆராய்ந்து, படிக்கவும் எழுதவும் தாங்களே நிரல்தொகுப்பு உருவாக்கின. இன்று ஓப்பன் டிசைன் அலையன்ஸ் என்று அறியப்படுவது அதுதான். தன் கோப்பு என்று காட்ட ஆட்டோடெஸ்க் உள்ளே பொதித்த அடையாளத்தை இவர்களும் பொதிக்கிறார்கள் என்று 2006-இல் ஆட்டோடெஸ்க் வழக்குப் போட்டது. அடுத்த ஆண்டு சமரசம் ஆனது. டிடபிள்யூஜி என்ற பெயரையே வணிகக்குறியாகப் பதியக் கேட்டபோது அமெரிக்கக் குறி அலுவலகம் மறுத்துவிட்டது. எல்லாவற்றிலும் வேடிக்கை, 2020-இல் ஆட்டோடெஸ்க் அதே கூட்டமைப்பில் உறுப்பினராகச் சேர்ந்தது. பிரிக்ஸ்கேட் போன்ற மாற்று மென்பொருள்கள் டிடபிள்யூஜியை நேரடியாகத் திறந்து அதிலேயே சேமிப்பதற்கு இந்தக் கூட்டமைப்பின் உழைப்பு முக்கியக் காரணம்.

ஆனால் உறை ஒன்றே என்பதால் உள்ளடக்கமும் ஒன்றே என்று ஆகிவிடாது. சாலை வடிவமைப்புக்கான சிவில் 3டி-யும் டிடபிள்யூஜியில்தான் சேமிக்கிறது. அதில் வரைந்த சாலை மையக்கோடும் நிலப்பரப்பும் வெறும் கோடுகளாக இருப்பதில்லை. தங்களுக்கென்று கணக்கு வைத்திருக்கும் பொருள்கள் அவை. அந்தப் பொருளை அறியாத மென்பொருள் அதே கோப்பைத் திறந்தால் 'ப்ராக்ஸி' என்ற பதிலி உருவத்தைக் காட்டும், அல்லது எதையும் காட்டாது. படம் தெரியும், கை வைக்க முடியாது. சாதாரணக் கோடுகளாகச் சிதைத்து அனுப்பினால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பொறியாளர் மறுநாள் மையக்கோட்டை நகர்த்தினால் மற்றவை கூடவே நகராது.

எழுத்துருவும் அலகும் சின்ன விஷயங்கள் என்று தோன்றும். பெரிய நஷ்டங்கள் இங்கேதான் நேர்கின்றன. ஆட்டோகேட் கோப்பில் எழுத்துருவின் பெயர் மட்டும்தான் இருக்கும், எழுத்துரு தனியாக வர வேண்டும். அது வராவிட்டால் மென்பொருள் கையில் இருக்கும் வேறொன்றைப் போட்டுக்கொள்ளும். அகலம் மாறி, குறிப்பு கட்டத்தை விட்டு வெளியே வழியும். அதுவாவது கண்ணுக்குத் தெரியும். கூட்டல்கழித்தல் குறி கேள்விக்குறியாக மாறுவதும், விட்டக் குறி காணாமற்போவதும் அவசரத்தில் கண்ணுக்குத் தப்பும். விட்டக் குறி இல்லாத 20 என்ற எண் நீளமா, விட்டமா என்று கேட்காமல் கடைசலில் ஏற்றிவிடும் ஆளும் உண்டு.

தமிழில் குறிப்பு எழுதிய பழைய வரைபடங்களின் நிலை இன்னும் பரிதாபம். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவங்களை வைத்தவை. அவற்றில் ஒன்றான பாமினியில் 'அம்மா' என்று தட்டச்சு செய்த இடத்தில், அந்த எழுத்துரு இல்லாத கணினி எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று காட்டும். நில அளவைப் படத்திலோ கட்டட வரைபடத்திலோ இப்படி எழுதிய பெயர்கள் பத்து பதினைந்து வருடம் கழித்துத் திறக்கும்போது வெறும் எழுத்துக் குவியலாக நிற்கின்றன. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் மீட்டுவிடலாம். தெரியாவிட்டால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டியதுதான்.

அலகுக்கு வருவோம். டிடபிள்யூஜியில் 100 என்ற நீளம் வெறும் 100. அது மில்லிமீட்டரா அங்குலமா என்று சொல்லும் அமைப்பு ஒன்று உண்டு, அதை 'அலகில்லை' என்று விட்டுவிடவும் முடியும். முப்பரிமாண அச்சுக்குப் போகும் எஸ்டிஎல் கோப்பில் அலகைக் குறிக்க முறையான இடமே கிடையாது. அங்குலத்தில் வரைந்ததை மில்லிமீட்டராகப் படித்தால் பாகம் 25.4 மடங்கு சுருங்கும். கன அளவில் கிட்டத்தட்ட 16,387 மடங்கு. திரையில் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், ஏனென்றால் திரை எப்போதும் பாகத்தை இழுத்துச் சட்டத்துக்குள் நிரப்பிக் காட்டுகிறது.

நில அளவையிலிருந்து வரும் கோப்பில் சிக்கல் வேறு விதம். சென்னையில் ஒரு புள்ளியின் வடக்கு ஆயத்தொலைவு யுடிஎம் முறையில் 14 லட்சம் மீட்டரைத் தாண்டும். கட்டட வடிவமைப்பாளர் மில்லிமீட்டரில் வேலை செய்பவர். அவர் கைக்கு அது 140 கோடிக்கு மேற்பட்ட எண்ணாக வருகிறது. கோப்பு இரட்டைத் துல்லிய எண்களில் சேமிப்பதால் அங்கே இழப்பு இல்லை. ஆனால் திரையில் காட்டும் வேலையில் பல இடங்களில் ஒற்றைத் துல்லிய எண்கள் புழங்குகின்றன. அந்த அளவுள்ள எண்ணில் ஒற்றைத் துல்லியத்தின் அடுத்தடுத்த இரு மதிப்புகளுக்கு இடைவெளி 128. அதாவது சுவரின் மூலை 128 மில்லிமீட்டர் தாவித் தாவித்தான் நிற்க முடியும். வட்டத் தூண் பலகோணமாகிறது, ஹாட்ச் கோடுகள் நடுங்குகின்றன. ரெவிட் மென்பொருள் தன் மூலப்புள்ளியிலிருந்து வெகுதூரம் தள்ளி வடிவங்கள் இருந்தால் எச்சரிப்பதன் பின்னணி இதுதான். முதல் நாளே ஒரு பொதுப்புள்ளியை எல்லோரும் ஒத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே இல்லை. அந்த ஒப்புதல் மென்பொருளுக்குள் நடப்பதில்லை, கூட்டத்தில் நடக்க வேண்டும், அதனால்தான் நடப்பதில்லை.

முப்பரிமாணத்துக்குப் போனால் அடியில் இருப்பது 'கெர்னல்' எனப்படும் வடிவியல் இயந்திரம். பயனர் பார்ப்பது மேல்பூச்சு. பரப்புகளை வெட்டிச் சேர்த்துத் திடவடிவமாக்கும் கணக்கு கெர்னலில் நடக்கிறது. சீமென்ஸ் வசமுள்ள பாராசாலிட், டசால்ட் குழுமத்திடமுள்ள ஏசிஸ், கேட்டியாவின் சொந்தக் கெர்னல், ஃப்ரீகேட் பயன்படுத்தும் திறமூலமான ஓப்பன் காஸ்கேட் ஆகியவை முக்கியமானவை. டசால்ட்டின் சொந்தத் தயாரிப்பான சாலிட்ஒர்க்ஸ், போட்டியாளரான சீமென்ஸின் பாராசாலிட் மேல்தான் ஓடுகிறது. இன்னொரு விசித்திரம்: பாராசாலிட்டும் ஏசிஸும் ஒரே வேரிலிருந்து முளைத்தவை. கேம்பிரிட்ஜில் 1970-களில் ஷேப் டேட்டா நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் இயன் பிரெய்டு, சார்லஸ் லாங், ஆலன் கிரேயர் மூவரும் உண்டு. பாராசாலிட் அந்த நிறுவனத்தின் வழி வந்தது. பிற்பாடு அதே மூவர் உருவாக்கியது ஏசிஸ்.

ஒரே குடும்பமானாலும் வேறு குடும்பமானாலும் கெர்னல்கள் ஒன்றையொன்று சரியாகப் புரிந்துகொள்ளாததற்கு முதல் காரணம் துல்லியம். இரண்டு பரப்புகள் ஒரு விளிம்பில் சந்திக்கின்றன என்றால், எவ்வளவு இடைவெளி வரை 'சந்திப்பு' என்று ஏற்பது? பாராசாலிட்டின் இயல்பான அளவு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கு. கேட்டியா வி5 ஆயிரத்தில் ஒரு பங்கு வரை பொறுக்கும். கேட்டியாவில் ஒழுங்காக மூடியிருந்த திடவடிவம், கறாரான கெர்னலுக்குள் நுழைந்ததும் விளிம்புதோறும் இடைவெளி விட்ட பரப்புகளின் குவியலாகப் பார்க்கப்படலாம். உள்ளே காற்றுப் புகாத பாத்திரம் என்று நினைத்தது, எல்லாத் தையலும் பிரிந்த சட்டையாக வந்து நிற்கிறது. பிறகு 'ஸ்டிச்' பண்ணு, 'ஹீலிங்' ஓட்டு என்று உட்கார வேண்டும். ஹீலிங் என்பது மென்பொருள் பரப்பைச் சற்றே நகர்த்தி இடைவெளியை மூடுவது. நகர்ந்த பரப்பு வார்ப்புப் பெட்டியின் வெளிமுகமா, பேரிங் உட்காரும் துளையா என்று அதற்குத் தெரியாது.

மென்பொருள் சாராத பொதுவடிவம் வேண்டும் என்ற எண்ணம் 1979-இல் அமெரிக்க விமானப்படையின் ஆதரவுடன் போயிங், ஜெனரல் எலக்ட்ரிக் போன்றோர் கூடிய முயற்சியில் உருவெடுத்தது. அடுத்த ஆண்டே ஐஜெஸ் வெளிவந்தது. துளை அட்டைக் காலத்தின் 80 எழுத்து வரிகளை அதில் இன்றும் பார்க்கலாம். எதையும் பல வழிகளில் எழுத இடம்கொடுத்ததுதான் அதன் பலவீனம். ஒருவர் எழுதிய வழியை மற்றவர் படிக்கத் தெரிந்திருக்க வேண்டுமென்று கட்டாயம் இல்லை. கடைசிப் பதிப்பு 1996-இல் வந்தது. ஆனாலும் இன்றைக்கும் "ஐஜெஸ் அனுப்புங்க" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பழக்கம்தான். அதற்குப் பின் வந்த ஸ்டெப் என்ற பொதுவடிவம் கிடைக்கும்போது ஐஜெஸ் கேட்பதற்கு நல்ல காரணம் எதுவும் எனக்குத் தெரிந்தவரை இல்லை.

ஐஎஸ்ஓ 10303 என்ற எண் தாங்கிய ஸ்டெப், 1984-இல் வேலை தொடங்கி, முதல் பகுதிகள் வெளிவர 1994 ஆகிவிட்டது. மெத்தனம் என்று திட்டலாம், ஆனால் உருப்படியான வேலை. பொதுப் பயன்பாட்டுக்கு ஏபி203, வாகனத் துறைக்கு ஏபி214 என்று முதலில் பிரிந்திருந்தது. இரண்டையும் இணைத்த ஏபி242 2014-இல் வந்தது. இன்று ஒரு பாகத்தின் வடிவத்தை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு அனுப்ப ஸ்டெப் போதும். பெரும்பாலான நேரங்களில் ஒழுங்காகவே போய்ச் சேர்கிறது. ஓசூரிலும் கோவையிலும் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு டை செய்பவர்கள் அவர்களுடைய மென்பொருளை வாங்காமலேயே வேலை எடுக்க முடிகிறதென்றால் ஸ்டெப்பின் பங்கு அதில் பெரிது.

அப்படி வந்து சேர்வதைப் பட்டறையில் 'டம்ப் சாலிட்' என்பார்கள். வடிவம் இருக்கும், வரலாறு இருக்காது. மூலக் கோப்பில் ஒரு பிராக்கெட் இப்படி உருவாகியிருக்கும்: தகட்டின் தடிமன் 6, அதைப்போல் இரு மடங்கு உள் ஆரம், நான்கு துளைகள் விளிம்பிலிருந்து சம தூரத்தில், துளை விட்டம் போல்ட்டைப் பொறுத்து. தடிமனை 8 ஆக்கினால் ஆரமும் தூரமும் தாமே மாறும். ஸ்டெப்பில் வந்ததில் 12 என்ற ஆரம் மட்டும் இருக்கிறது. அது தடிமனின் இரு மடங்கு என்பது இல்லை. நிகழ்முறையையும் அளவுக்கோவைகளையும் கடத்துவதற்கென ஸ்டெப்பில் பகுதிகள் எழுதப்பட்டு வெளியாகியும் இருக்கின்றன. மென்பொருள் நிறுவனங்கள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவர ஆர்வம் காட்டவில்லை. வாடிக்கையாளர் தன் வடிவமைப்பு வரலாற்றோடு எளிதாக வெளியேறலாம் என்றால் யார் ஆர்வம் காட்டுவார்கள்?

நியாயமாகச் சொன்னால் தொழில்நுட்பச் சிக்கலும் பெரிதுதான். ஒரு ஃபில்லட் எந்த விளிம்பின் மேல் போட்டது என்பதை மென்பொருள் ஏதோ ஒரு பெயரிட்டு நினைவில் வைக்கிறது. முந்தைய படியில் ஒரு துளை கூடினால் விளிம்புகளின் வரிசை மாறி, ஃபில்லட் வேறு விளிம்புக்குத் தாவிவிடும். தன் சொந்தக் கோப்புக்குள்ளேயே இதைச் சமாளிக்க ஃப்ரீகேட் திட்டம் வருடக்கணக்கில் போராடி, 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில்தான் ஓரளவு தீர்வு கண்டது. சொந்த வீட்டிலேயே இந்தக் கதி என்றால், வேறொரு மென்பொருளின் விளிம்புப் பெயரை இன்னொன்று புரிந்துகொள்வது எந்தக் காலம்!

மென்பொருள் வேறாக இருப்பதால்தான் சிக்கல் என்பதும் முழு உண்மையில்லை. ஏர்பஸ் ஏ380-இன் கதை இதற்குச் சான்று. அந்த விமானத்தில் 500 கிலோமீட்டருக்கு மேல் மின்கம்பி ஓடுகிறது. ஏறக்குறைய ஒரு லட்சம் கம்பிகள், நாற்பதாயிரம் இணைப்பிகள். ஜெர்மனியிலும் ஸ்பெயினிலும் கேட்டியா வி4, பிரான்சிலும் பிரிட்டனிலும் வி5. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள மென்பொருள்தான். ஆனால் வி5 பழையதை மெருகேற்றியதல்ல, அடியிலிருந்து புதிதாக எழுதப்பட்டது. ஹாம்பர்க்கில் செய்த கம்பிக் கொத்துகள் துலூஸில் விமானத்துக்குள் பொருத்தும்போது பல இடங்களில் நீளம் போதவில்லை. எடை குறைக்க அலுமினியக் கம்பி அதிகம் பயன்பட்டதும், விமான நிறுவனங்கள் ஒவ்வொன்றும் வேறு வேறு உள்ளமைப்பு கேட்டதும் மாற்றங்களைக் குவித்தன. ஒரு பக்கம் செய்த மாற்றம் மறுபக்கத்து மாதிரியில் தானாகப் பிரதிபலிக்கவில்லை. 2006 ஜூனில் தாமதம் அறிவிக்கப்பட்டதும் தாய் நிறுவனமான ஈஏடிஎஸ்ஸின் பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் சரிந்தது. அதன் இணைத்தலைவர் நோயல் ஃபோர்ழார், ஏர்பஸ் தலைவர் குஸ்டாவ் ஹும்பர்ட் இருவரும் பதவி விலகினர். முதல் விமானம் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்குக் கைமாறியது 2007 அக்டோபரில், ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதமாக. லாபத்தில் 480 கோடி யூரோ குறையும் என்று நிறுவனமே கணக்கிட்டது.

பழியை முழுக்க கேட்டியாவின் தலையில் போடுவது எளிது. வி4-இலேயே எல்லோரும் இருந்திருந்தாலும், அல்லது எல்லோரும் வி5-க்கு மாறியிருந்தாலும் இது நடந்திருக்காது என்பது உண்மை. ஆனால் ஒரு தளம் மாறி மற்றது மாறாமல் இருக்கிறது என்று இரு தரப்புப் பொறியாளர்களுக்கும் தெரிந்தே இருந்திருக்கும். அதைத் தீர்க்கும் அதிகாரம் யாரிடம் என்பதில்தான் நான்கு நாட்டுக் கூட்டு நிறுவனம் தடுமாறியது என்று எனக்குப் படுகிறது.

கட்டடத் துறையில் இதே கேள்விக்கு ஐஎஃப்சி என்று பெயர். ஐஎஸ்ஓ 16739 ஆக 2013-இல் ஏற்கப்பட்ட அந்த வடிவம், சுவரைச் சுவராகவும் கதவைக் கதவாகவும் அனுப்புகிறது. அந்த வகையில் டிடபிள்யூஜியை விடப் பல படி மேல். மற்றவர் மாதிரியைப் பார்த்து, மோதல் உண்டா என்று சரிபார்க்க அருமையாக உதவும். அதை இறக்கித் தொடர்ந்து வரையலாம் என்று நம்பினால் ஏமாற்றம்தான். ஆட்டோடெஸ்க்கின் ரெவிட்டோ, தன்னுடைய பழைய பதிப்பில் சேமிக்கவே விடாது. ஒரு திட்டத்தில் ஒருவர் மேம்படுத்தினால் மற்றவர்களும் மேம்படுத்தியாக வேண்டும், சந்தாவும் கட்டியாக வேண்டும். 2020-இல் ஜஹா ஹதித் நிறுவனம் உள்ளிட்ட பிரிட்டன் கட்டடக் கலை நிறுவனங்கள் ஆட்டோடெஸ்க்குக்குப் பகிரங்கக் கடிதம் எழுதுமளவுக்கு மனக்கசப்பு முற்றியது.

இழப்பு எவ்வளவு? அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட்டுக்காக 1999-இல் நடந்த ஆய்வு, அந்நாட்டு வாகன உதிரிபாகத் தொடரில் ஆண்டுக்குக் குறைந்தது 100 கோடி டாலர் என்றது. அதில் பெரும்பகுதி, வந்த கோப்பைத் திருத்தவும் மறுபடி வரையவும் செலவானது. 2004-இல் கட்டடங்கள், ஆலைகள் பற்றிய இன்னொரு ஆய்வு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் என்றது; மூன்றில் இரண்டு பங்கு வடிவமைப்பாளர் தலையில் விழவில்லை, கட்டடத்தை வைத்து நடத்தும் உரிமையாளர் தலையில் விழுந்தது. கோப்பை அனுப்பியவருக்கு வலிக்காததால்தான் அனுப்பும் முறை மாறுவதில்லை. வாகனத் தொடரிலும் அப்படியே: மேலே உள்ள நிறுவனம் தன் மென்பொருளிலேயே தரச் சொல்லும், கீழே உள்ள சப்ளையர் மூன்று வாடிக்கையாளருக்காக மூன்று மென்பொருள் உரிமம் வாங்கி, அதை விலையில் ஏற்ற முடியாமல் விழுங்குவார்.

எந்த மென்பொருளும் குற்றவாளியாகாத ஒரு வகை இழப்பும் உண்டு. நம் கல்லூரிகளில் முதல் கோண வீழ்ப்பு கற்பிக்கிறார்கள். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் மூன்றாம் கோணம். தலைப்புக் கட்டத்தில் உள்ள சிறிய கூம்புக் குறியைப் பார்க்காமல் படித்தால் இடது வலதாகி, கண்ணாடிப் பிம்பமாகப் பாகம் வரும். அதைவிட நுட்பமானது சகிப்பு, அதாவது அளவில் அனுமதிக்கும் விலகல். 20 மில்லிமீட்டர் தண்டு, சகிப்பு கூட்டல்கழித்தல் 0.05 என்று போட்டிருக்கிறது. அமெரிக்க ஏஎஸ்எம்இ விதிப்படி தண்டு அதிகபட்ச விட்டமான 20.05-இல் இருந்தால் துளியும் வளைந்திருக்கக் கூடாது. ஐஎஸ்ஓ விதிப்படி விட்டமும் நேர்த்தன்மையும் தனித்தனிக் கோரிக்கைகள். வேறு குறிப்பு இல்லாவிட்டால் வளைவை விட்டம் கட்டுப்படுத்தாது. ஒரே எண், ஒரே கோப்பு, இரண்டு தண்டு. ஏபி242 சகிப்புகளை வெறும் எழுத்தாக இல்லாமல், எந்தப் பரப்பைச் சேர்ந்தது என்ற தொடர்போடு கணினி படிக்கும் வகையில் கடத்துகிறது. அளவை இயந்திரம் நேரடியாக அதைப் படிக்கலாம். எந்த விதிப்படி என்பதை மனிதர்தான் குறிப்பிட வேண்டும். பல நிறுவனங்களில் முப்பரிமாண மாதிரி கையில் இருந்தும், சச்சரவு வந்தால் செல்லுபடியாவது பிடிஎஃப் டிராயிங்தான் என்று ஒப்பந்தத்தில் எழுதிவைப்பது பழமைவாதம் என்று நான் நினைக்கவில்லை.

விமானத் துறைக்கு இன்னொரு கவலை: ஒரு விமானம் பல பத்தாண்டு பறக்கும், அதை வரைந்த மென்பொருள் அதுவரை இருக்காது. அதற்கென உருவான லோட்டார் என்ற நீண்டகாலக் காப்புத் தரநிலை ஸ்டெப்பை நம்புகிறது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு நம்புவதில்லை. மூல மென்பொருளில் பாகத்தின் கன அளவு, மேற்பரப்பு, ஈர்ப்பு மையம் மூன்றையும் கணக்கிட்டுக் கோப்போடு வைக்கச் சொல்கிறது. திறந்தவர் மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுகிறார். ஒத்தால் வடிவம் சேதமில்லாமல் வந்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். ஒத்துப்போகாவிட்டால் எங்கே போனது என்று தேடலாம். இதற்குப் புது மென்பொருள் எதுவும் வேண்டாம், எல்லாக் கேட் மென்பொருளிலும் அந்தக் கட்டளை இருக்கிறது. சிறு பட்டறைக்கும் இது முடியும். மின்னஞ்சலில் ஸ்டெப் கோப்போடு நான்கு வரி: அலகு மில்லிமீட்டர், கன அளவு இவ்வளவு, ஈர்ப்பு மையம் இங்கே, சகிப்பு இந்தத் தரநிலைப்படி. போனில் கேட்பவரும் ஃபைல் ஓப்பன் ஆகுதா என்பதற்குப் பதிலாக, "வால்யூம் எவ்வளவு காட்டுது?" என்று கேட்கலாம்.